துளைக்கோடு

முழுசாக இருந்தால் பதினோராயிரம்,
கிழிந்திருந்தால் ஆயிரத்து இருநூறு என்றார் முனவ்வர்.
அவென்யூ ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை.
ஓடாத அலாரம் கடிகாரங்களுக்கும்
யாரும் கூப்பிடாத டெலிபோன் டைரக்டரிகளுக்கும் நடுவே
பிளாஸ்டிக் விரிப்பில் குத்தவைத்திருந்தார்.

இந்தத் தொழிலில் நியாயம் தலைகீழ்.
போனவர்களின் சீட்டு மலிவு.
போகாதவர்களின் சீட்டுக்குத்தான் விலை.

காட்டன்பேட்டை அச்சகத்தில்
பத்தொன்பது வருடம் கணக்கெழுதியவள் நான்.
சீட்டைக் கொடுத்தால் முதலில் முகர்வேன்,
பிறகு திருப்பிப் போட்டு விரலால் தடவுவேன்.
எண் போடும் எந்திரம் தாளைக் கடித்திருந்தால்
முதுகில் புடைப்பு இருக்கும்.
கள்ளச் சீட்டு வழவழவென்றிருக்கும்,
புதுமாப்பிள்ளை கன்னம் மாதிரி.

என்னிடம் இருப்பவை எல்லாம் கிழிசல்கள்.
எண்பத்தேழு மார்ச், இதே ஊர்:
சதத்துக்கு நாலு ரன் பாக்கி வைத்துவிட்டு
ஒருவர் கடைசி முறையாக நடந்து வெளியேறிய டெஸ்ட்.
ஓரத்தில் யாரோ சுண்ணாம்பு துடைத்திருக்கிறார்கள்.
தொண்ணூற்றொன்பது, டெல்லி கோட்லா:
பத்து விக்கெட்டும் ஒரே கைக்குப் போன இன்னிங்ஸ்.
பாதிச் சீட்டு, அந்தப் பாதியிலும் டீ கொட்டியிருக்கிறது.
ஊளையிட்டுத் தொண்டை கட்டிய காகிதங்கள்.

இது மட்டும் வாய் திறக்காதது.
ஒன்பது மார்ச் தொண்ணூற்றாறு, சனிக்கிழமை.
பகலிரவு ஆட்டம், காலிறுதி.
பாகிஸ்தான்.
துளைக்கோட்டில் ஒரு துளைகூட விரியவில்லை.

அன்று நானும் அங்கேதான் இருந்தேன்,
சுவருக்கு வெளியே.
பதினேழு வயது. அண்ணன் சட்டை.
அம்மாவிடம் டைப்ரைட்டிங் பரீட்சை என்று சொல்லியிருந்தேன்.
பிளாக்கில் வாங்கக் கொண்டுபோன நானூறு ரூபாய்
கையிலேயே நனைந்து ஒட்டிக்கொண்டது.
புது விளக்குகள் எரிந்தன, வானத்துக்குப் பாலாடை நிறம்.
கடலைக்காரரின் டிரான்சிஸ்டரில் பேட்டரி தீரத் தீர
அவர் அதைக் காதோடு வைத்துக்கொண்டு
எங்களுக்கு முகத்தால் சொன்னார்.

மட்டையை நீட்டி எல்லைக்கோட்டைக் காட்டினானாம் ஒருவன்.
அடுத்த பந்தில் அவன் ஸ்டம்பு சாய்ந்ததாம்.
படமாகப் பார்த்தது பிற்பாடு, நூறு தடவை.
அன்றைக்குக் கேட்டது சத்தம் மட்டும்:
ஊரே சேர்ந்து
ஒரே அண்டாவைக் கீழே போட்டது போல.

இப்போதுதான் தெரிகிறது, உள்ளே
எச் வரிசையில் நாற்பத்தேழாம் இருக்கை காலி.
மட்டை நீண்ட திசையில்கூட இருந்திருக்கலாம்.
பக்கத்து ஆள் அதில் டிபன் பையை வைத்திருப்பார்.
பின்வரிசைக்காரன் செருப்புக் காலை நீட்டியிருப்பான்.
அவர்களை நினைத்தால்
இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சீட்டின் பின்புறம் பென்சிலில், கன்னட எழுத்தில்:
காஸ் சொல்ல வேண்டும்.
ஃபிலோமினா, ஆறு மணி.
ஏழு இலக்கத்தில் ஒரு எண்.

மூன்று நாள் பொறுத்தேன்.
நாலாம் நாள் எண்ணுக்கு முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தேன்,
ஊரிலுள்ள போன்களுக்கெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்த இரண்டு.
மணி அடித்தது.
பல் மருத்துவமனை, சொல்லுங்கள் என்றாள் ஒரு பெண்.
ஃபிலோமினா இருக்கிறாரா என்று கேட்டேன்.
அப்படி யாரும் இங்கே இல்லை.
எத்தனை வருடமாக இந்த எண் உங்களிடம்?
மேடம், உங்களுக்கு வலி இருக்கா, இல்லையா?

யோசித்துப் பார்த்தேன்.
கீழ்த்தாடை, இடப்பக்கம்,
கடைசிக்கு முந்தின பல்.
கொஞ்ச நாளாகவே இருக்கிறது என்றேன்.
சனிக்கிழமை சாயங்காலம் வரச்சொன்னாள்.
குறித்துக்கொள்ளத் தாள் தேடினேன்.
மேஜையில் பென்சில் இருந்தது, சீட்டும் இருந்தது.
எழுதினால் பாதி விலை போச்சு என்பார் முனவ்வர்.

ஃபிலோமினாவுக்குக் கீழே
இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.